விதைக்கு விட்ட சுரை

உங்களுக்குச் சுரைக்காய் பிடிக்குமா?

ஆஸ்பத்திரி வராந்தாவில், முன்பின் தெரியாத ஆளிடம் கேட்கிற கேள்வியா இது என்று பார்க்கிறீர்கள். தப்பாக நினைக்காதீர்கள். நேற்று சாயங்காலத்திலிருந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு நானே பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தம்பிக்குக் கால் முறிவு என்றீர்கள். அது கூடிவிடும், கவலைப்படாதீர்கள். எலும்பென்றால் படம் எடுத்து, இந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். என் வீட்டுக்காரிக்கு என்ன ஆயிற்று என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

அந்தப் பச்சைக் கதவு தெரிகிறதல்லவா, அதற்குப் பின்னால் படுத்திருக்கிறாள். மயிலாத்தாள் என்று பேர். நேற்று மத்தியானம் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். வாந்தி. நிற்காத வாந்தி. பக்கத்துத் தோட்டத்து ராசம்மா ஓடிப்போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் வாந்தியோடு ரத்தமும் வந்தது. இப்போது பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறதாம். எத்தனை பாட்டில் ஏற்றினாலும் ஏற மாட்டேன் என்கிறதாம்.

"என்ன சாப்பிட்டாங்க?" நேற்றிலிருந்து இதையேதான் கேட்கிறார்கள். சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், அவர்தான் முதலில் கேட்டார். நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மயிலாத்தாள் கண்ணைத் திறந்து முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரம்மாவைப் பார்த்து, "கோயல்ல அன்னதானம் சாப்பிட்டனுங்க. இன்னைக்குக் கிருத்திகை" என்றாள்.

நேற்று கிருத்திகை என்பது நிஜம். அவள் கோயிலுக்குப் போனதும் நிஜம். ஆனால் அங்கே சாப்பிடவில்லை. போனாள், கும்பிட்டாள், திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் சாப்பிட்டது வீட்டில். சோறும் சுரைக்காய்க் கூட்டும். எங்கள் தோட்டத்துச் சுரைக்காய். நான் விதை எடுத்து, நான் ஊன்றி, நான் பறித்துக் கொடுத்த காய்.

அவள் அப்படிச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டவள் அவள், வயிறு அவளுடையது, அவளே கோயில் என்கிறாள். ஒருவேளை எனக்குத் தெரியாமல் அங்கே ஒரு வாய் சாப்பிட்டிருப்பாளோ என்று எனக்கே தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்லக் கூடாது. தோன்ற வைத்துக்கொண்டேன். சுரைக்காய் யாரையாவது கொல்லுமா? நீங்களே சொல்லுங்கள். பத்தியத்துக்குச் சாப்பிடுகிற காய் அது.

இல்லை, முழுசாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். ஐம்பதைத் தாண்டின பிறகு ஒருநாள் மில்லை மூடிவிட்டார்கள். அந்த வயசில் வேறு மில்லில் யார் சேர்ப்பார்கள்? வீட்டில் உட்கார்ந்தேன். விடிந்தால் சங்கு ஊதும் என்று காது காத்துக்கொண்டிருக்கும். ஊதாது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. மயிலாத்தாள்தான் அங்கே நாலு வெண்டை, நாலு கத்தரி என்று வைத்துக்கொண்டிருந்தாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் விலகிக்கொண்டாள். நான் விலகச் சொல்லவில்லை. இரண்டு பேர் ஒரே பாத்தியில் குனிந்தால் இடிக்கும், அவ்வளவுதான்.

முதல் வருஷம் கடை விதை போட்டேன். நன்றாகத்தான் காய்த்தது. அதிலிருந்தே விதை எடுத்து மறுவருஷம் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று வெறும் இலை. அது ஒட்டுரகம், மறு விதைக்கு ஆகாது என்று ஊரில் ஒருவர் சொன்னார். அப்போது எனக்குள் ஏதோ சுருக்கென்றது. மறு விதைக்கு ஆகாது. மில்லில் எங்களைப் பற்றியும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து ஒரு வெறி. நாட்டு விதை தேடி சந்தை சந்தையாக அலைந்தேன். பிறகு எங்கள் வீட்டில் ஒரு விதைகூட வெளியிலிருந்து வரவில்லை. போன வருஷக் காய்தான் இந்த வருஷ விதை. இந்த வருஷக் காய்தான் அடுத்த வருஷ விதை. அவரை, புடலை, பீர்க்கை, சுரை. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பேன். புடலையைச் சாணி உருண்டையில் பதித்துச் சுவரில் அடிப்பேன். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, "விதைக்காரர் ஊடு எதுங்க?" என்று கேட்டு வருவார்கள். விதைக்காரர்! மில்லில் அத்தனை வருஷம் இருந்தும் ஒருத்தன்கூட என் வீட்டை அப்படி விசாரித்து வந்ததில்லை. ஒரு தம்பி வந்து போனில் படம் பிடித்துப் போட்டார். நான் பேசுகிறேன், பின்னால் பந்தலில் சுரைக்காய் தொங்குகிறது. பார்த்தவர்கள் எல்லாம் அந்தச் சுரையைத்தான் கேட்டார்கள்.

அந்தச் சுரையைப் பற்றிச் சொல்கிறேன். போன வருஷம் காய்த்தது. நீளக் கழுத்து, வெளிறின பச்சை, நகம் பட்டால் பால் போல நீர் கசியும். கூட்டு வைத்தால் தனியாகச் சர்க்கரை போட்ட மாதிரி ஒரு தித்திப்பு. ராசம்மாவுக்கு ஒரு காய் கொடுத்தோம். மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏனுங்கண்ணா, கொடிக்குத் தண்ணி உடறீங்களா, கருப்பட்டிப் பாவு உடறீங்களா?" என்றாள். அந்தக் கொடியிலேயே உருவான ஒரு காயை விதைக்கு விட்டேன். கழுத்தில் சிவப்புத் துணி கட்டினேன், யாரும் கை வைக்கக் கூடாதென்று. மார்கழியில் வீட்டில் ஒன்றும் இல்லாத ஒருநாள் மயிலாத்தாள் அதன் கீழே நின்று, "இதைப் பறிச்சுக்கட்டுங்களா, அந்தப் பிஞ்சு ஒண்ணு வளந்தா அதை விதைக்கு உட்டுக்கலாமே" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் பறிக்கவில்லை. ரசம் வைத்தாள்.

காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்றது. இறக்கி, அடுப்புக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். புகை பட்டால் பூச்சி வராது. ஆடிப் பட்டத்தில் உடைத்து, திடமான விதையாகப் பொறுக்கி, சாணித் தண்ணீரில் ஊறப்போட்டு ஊன்றினேன். முளைப்பு ஒன்றுகூடத் தப்பவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "பொறுங்க, ஒரு பட்டம் பெருக்கிட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருந்தேன். விதை பிறகுதான், முதலில் காய்ப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று வரும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் படம் பிடிக்கிற தம்பியும் வருகிறார்.

இப்போது சொல்லுங்கள். நான் எங்கே தவறினேன்? சாம்பலா? சாணியா? கிணற்றுத் தண்ணீரா? இனிப்பான காயிலிருந்து எடுத்த விதை. வேறு எதுவும் கலக்கவில்லை. ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. ராத்திரி முழுக்க இதையே யோசிக்கிறேன். ஒவ்வொரு படியாக இறங்கி இறங்கிப் பார்க்கிறேன். எங்கேயும் கல் தடுக்கவில்லை.

நேற்றா? சொல்கிறேன்.

நேற்றுக் காலையில் கொடியில் முதல் காய் பருவத்துக்கு வந்திருந்தது. அச்சு அசலாகப் போன வருஷக் காய். அதே கழுத்து, அதே நிறம். எனக்குக் கிருத்திகை விரதம், ராத்திரி வரை பல்லில் ஒன்றும் படக் கூடாது. அவளுக்குச் சர்க்கரை மாத்திரை, அவளால் பட்டினி கிடக்க முடியாது. "முதல் காயை நீதான் சாப்பிடணும் மயிலா, சாப்பிட்டுச் சொல்லு" என்று நானே பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் வாங்கினாள். பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும். சுரையோ வெள்ளரியோ பீர்க்கையோ, அறுத்ததும் காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவார்கள். கசந்தால் அப்படியே குப்பையில் எறிந்துவிடுவார்கள். மயிலாத்தாளும் அப்படிச் செய்தவள்தான். போன வருஷம் விதை கேட்டு நாமக்கல்லிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே இவள் காயை அறுத்து, ஒரு துண்டை நாக்கில் வைத்து, சப்புக்கொட்டிப் பார்க்கிறாள். வந்தவர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஏனம்மா, விதைக்காரர் காயையே சோதிக்கறீங்களா?" எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவளை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுகிற ஆள் இல்லை நான். மனசு ஒடிந்துவிட்டது, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நாள் கடையில் பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பழக்கத்தை அவளே விட்டுவிட்டாள். நான் விடச் சொல்லவே இல்லை.

நேற்றும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. நான் அடுப்படி வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தட்டில் போட்டுக்கொண்டாள். ஒரு வாய் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "எப்படி இருக்கு?" என்றேன். கொஞ்சம் மென்றாள். "லேசாக் கசக்குதுங்க" என்றாள்.

"கசக்குதா?"

"லேசா."

"உனக்கு மாத்திரை தின்னு தின்னு நாக்கே கசப்பு. போன வருசம் தித்திச்ச கொடி, அதே விதை. அது எப்படிக் கசக்கும்?"

"ஆமாங்க, மாத்திரையாத்தான் இருக்கும்" என்றாள். அவளே சொன்னாள். நான் எழுந்து பின்பக்கம் போய்ப் பந்தலடியில் நின்றேன். கோபம் இல்லை. ஒரு வருஷம் காத்திருந்த காய், என்ன இப்படிச் சொல்லிவிட்டாளே என்று ஒரு வருத்தம். மனுஷனுக்கு வருத்தம்கூட வரக் கூடாதா? கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க, இங்க வாங்க. இப்பத்தான் நல்லாத் தெரியுது. கசப்பெல்லாம் இல்லைங்க, நல்லாத்தான் இருக்குது." நான் போய்ப் பார்க்கும்போது இரண்டாம் தடவை கூட்டு போட்டுக்கொண்டிருந்தாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம், என் வீட்டுக்காரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கசந்தால் யாராவது இரண்டாம் தடவை போட்டுக்கொள்வார்களா? சொல்லுங்கள். அதனால்தான் காயாக இருக்காது என்று நினைத்தேன். இப்போதும் பாதி மனசு அப்படித்தான் நினைக்கிறது. பாதி மனசு.

இன்றைக்குக் காலையில் அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோயிலுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டார்களாம். அன்னதானம் சாப்பிட்ட ஊர்ச் சனம் முழுக்க நன்றாக இருக்கிறதாம். சமையல்காரர் போனிலேயே அழுதுவிட்டாராம். "அவங்க உண்மையைச் சொல்லலை, நீங்களாவது சொல்லுங்க" என்றார். சுரைக்காயின் பேச்சை நான் எடுக்கவில்லை. "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. "பூச்சிமருந்து, சாணிப்பவுடர் ஏதாவது வீட்டுல இருந்துச்சா? சண்டை கிண்டை போட்டீங்களா?"

சாணிப்பவுடர் என்றால் வாசல் தெளிக்கிற சாயப்பொடி, எங்கள் பக்கம் அதைக் கரைத்துக் குடித்துச் சாகிறவர்கள் உண்டு. மயிலாத்தாள் விஷம் குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறார்கள்! மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவியிருக்கிறார்கள், அதனால்தானாம். எந்த விஷம் என்று தெரியாமல் எந்த மாற்று மருந்து கொடுப்பது என்று கேட்கிறார் அந்தம்மா. போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போவாராம்.

"அம்மா, எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லைங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. யாரை வேணாலும் கேளுங்க" என்றேன். நிஜத்தைத்தான் சொன்னேன். ராசம்மா வீட்டில் தினமும் பாத்திரம் பறக்கும். அவள் புருஷன் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. எனக்கு மனசு சரியில்லையென்றால் நான் பேசமாட்டேன். அவளும் பேசமாட்டாள். பூனையிடம் சொல்வாள், "அந்த மனுசருக்குச் சோறு ஆறுதுன்னு சொல்லு சாமி" என்று. சில சமயம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பெரும்பாலும் வராது. தானாகச் சரியாகிவிடும். ஒரு தடவை பொங்கல்கூட அப்படியே போய்விட்டது. எதற்காக என்று இப்போது ஞாபகமில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

என்ன கேட்டீர்கள்? பக்கத்தில் வேறு சுரைக்கொடியா?

இல்லையே. வேலியில் ஒன்று கிடக்கிறது, அது காட்டுச்சுரை. பேய்ச்சுரை என்போம். குண்டுக் குண்டாகக் காய்க்கும். ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், அவ்வளவு கசப்பு. அது தானாக முளைத்தது. மயிலாத்தாள் போன வருஷமே அதை அறுத்துப் போடச் சொன்னாள், ராசம்மாவும் சொன்னாள். நான்தான் இருக்கட்டும் என்றேன். ராத்திரியில் அதன் பூ வெள்ளை வெளேரென்று பூக்கும். அந்துப்பூச்சி வந்து மொய்க்கும். அது வந்தால்தானே நம் கொடியிலும் பூ காயாகும்? காசு கொடுத்தாலும் வராத பூச்சி. அதற்கும் நம் காய்க்கும் என்ன சம்பந்தம்? அது வேலியில் இருக்கிறது, இது பந்தலில் இருக்கிறது.

பூந்தூளா? மகரந்தம் என்கிறார்களே, அதுவா?

இருங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். அந்துப்பூச்சி அங்கே உட்கார்ந்துவிட்டு இங்கே வந்து உட்காருகிறது. சரி. அந்தத் தூள் இந்தப் பூவில் விழுகிறது. சரி. ஆனால் போன வருஷக் காய் கசக்கவில்லையே ஐயா! தித்தித்ததே!

காய் தாயுடையது. விதைதான் இரண்டுக்கும் பிறந்தது என்கிறீர்கள்.

யார் சொன்னது உங்களுக்கு? தோட்டக்கலை ஆபீஸில் வேலையா? வெள்ளரி போடுகிறவர். ஓகோ. ஒரு வருஷம் உங்கள் நிலத்து வெள்ளரி முழுக்கக் கசந்துபோய் அழித்துவிட்டீர்களா... அப்படியென்றால் அந்தச் சிவப்புத் துணி கட்டின காய், சதையெல்லாம் சர்க்கரையாக இருந்த காய், அதற்குள்ளே விதை மட்டும்...

நான் அடுப்புக்கு மேலே கட்டிப் பாதுகாத்தேனே. எலி கடிக்காமல், ஈரம் படாமல்.

கசக்கிற சுரைக்காய் ரத்த வாந்தி எடுக்க வைக்குமா? வைக்குமா, வைக்காதா, அதைச் சொல்லுங்கள். கேள்விப்பட்டிருக்கிறீர்கள். சரி. சரி.

இல்லை, எழுந்து போகிறேன். போய்ச் சொல்லத்தான் வேண்டும். உள்ளே போய் என்ன சொல்வேன்? என் காய்தான் என்றா? அவள் நேற்று அத்தனை வலியிலும் என் முகத்தைப் பார்த்து, கோயில் என்று சொன்னாளே. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் எனக்காகக் கட்டின பொய்யை நான் போய் எப்படி அவிழ்ப்பது? நீங்கள் போய்ச் சொல்லிவிடுகிறீர்களா? நீங்கள் விவரம் தெரிந்தவர். பூந்தூள், விதை எல்லாம் ஒழுங்காகச் சொல்வீர்கள். நான் சொன்னால் உளறிவிடுவேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

கூப்பிடுகிறார்கள். மயிலாத்தாள் கூட வந்தவங்க என்கிறார் சிஸ்டர். நான்தான். நான்தானம்மா. வருகிறேன்.

*

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். உட்கார்ந்துகொள்கிறேன்.

சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன் ஐயா. உள்ளே போனதும் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அன்னதானம் இல்லைங்க, விஷமும் இல்லைங்க, வீட்டுச் சுரைக்காய். கசந்திருக்குது. பேய்ச்சுரை கலந்த விதை" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். அவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது, முகத்திலேயே தெரிந்தது. குனிந்து, "ஏம்மா, சுரைக்காயா சாப்பிட்டீங்க? கசந்துச்சா?" என்று கேட்டார்.

மயிலாத்தாள் கண்ணைத் திறந்தாள். உதடெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "அவரு பயத்துல ஒளர்றாருங்க" என்றாள். "நான் கோயல்ல சாப்பிட்டதுதான். அவரு காய் தேனாட்டம் இருக்கும்."

தேனாட்டம் இருக்குமாம்.

போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டாக்டரம்மா எழுந்துவிட்டார். "ரெண்டு பேர்ல யாரு சொல்றதை நான் நம்பறது? விஷம்னா ஒரு வைத்தியம், இதுன்னா வேற வைத்தியம். நேரம் இல்லைங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலோரம் குனிந்தேன். அவள் காதுக்கிட்டே போய், "கசந்துச்சுன்னு சொல்லிடு புள்ள. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றேன். அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் எப்போது கோவித்துக்கொண்டேன்? எனக்கு ஏன் அந்த வார்த்தை வாயில் வந்தது?

அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "நெசமாலுமா?" என்று கேட்டாள்.

"நெசமா."

"பேசாம இருந்துக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

டாக்டரம்மா கையில் ஊசியோடு அப்படியே நிற்கிறார். சிஸ்டர் நிற்கிறார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அவர்கள் ஒருத்தரும் கண்ணில் படவில்லை. என்னையே பார்க்கிறாள். மூச்சு வாங்குகிறது. மறுபடியும் கேட்கிறாள்.

"ஊட்டுக்குப் போன பொறகும்?"

"போன பொறகும்" என்றேன்.

அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் சொன்னாள். "கசந்துச்சுங்க. நாக்குல வைக்க முடியலைங்க. ரெண்டாந்தரம் முழுங்கறப்பவே கொடல் எரிஞ்சுதுங்க." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உடனே எல்லோரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். யார் யாருக்கோ போன் போட்டார்கள், ரத்தம் வேண்டும் என்றார்கள், என்னை வெளியே போகச் சொன்னார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

பிழைத்துக்கொள்வாளா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஊட்டுக்குப் போன பிறகும் என்று கேட்டாளே. போன பிறகும் என்றால், போவோம் என்றுதானே அவள் மனசில் இருக்கிறது? உள்ளுக்குள் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் அப்படி ஒரு கேள்வி வருமா? அவள் காரணம் இல்லாமல் ஒன்றைக் கேட்கிறவள் இல்லை. ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? நீங்கள் சொல்லுங்கள். பேசுங்கள் ஐயா, ஏதாவது பேசுங்கள்.